சுடலைமாடனுக்குத் தைத்த சல்லடம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். இதை எழுதும்போது கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. எனக்கு முந்திய தலைமுறையில் ஆண்பிள்ளைகளே கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை மையில் தோய்த்தவர்கள். ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் முதலில் ஆசைப்பட்டுக் கற்றது எழுத்து என்று சொன்னால் பொய். தையலைத்தான் ஆசைப்பட்டுக் கற்றேன்.

தாமிரபரணிக்கு அக்கரையில் வேதக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் பெண்பிள்ளைகளுக்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் தையல் வகுப்பு. டீச்சரம்மா ஒரு சிவப்புக் கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் சீமை ஊசிகளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். வகுப்பு முடிந்ததும் ஊசிகள் எல்லாம் கம்பளிக்குத் திரும்பியாக வேண்டும். ஓர் ஊசி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. அவர் சொல்லித் தந்த முதல் பாடம் தையலைப் பற்றியதே அல்ல. "ஊசியைத் தரையில் வைக்காதே. கையை எடுத்தால், தைக்கிற துணியிலேயே குத்தி வை." இதை நாங்கள் வாய்ப்பாடு போலச் சேர்ந்து சொல்லுவோம்.

முதல் நாள் நான் ஓட்டிய நூல் ஆட்டுப் புழுக்கை சிதறினாற்போலக் கோணல்மாணலாகப் போயிற்று. சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நூலை இழுத்து முடிச்சிட்டபோது, கையிலிருந்த இரண்டு துணிகள் ஒரே துணியாகிவிட்டதைக் கண்டேன். விரித்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை. புத்தகத்தில் இருந்த எழுத்துக்களை எனக்கு முன்பே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். இந்தத் தையலோ நான் நூலை இழுக்கும்வரை உலகத்திலேயே இல்லாமல் இருந்தது. அன்று ஆற்றைத் தாண்டி வரும்போது அந்தத் துணித் துண்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தேன், நனைந்துவிடும் என்று. ஆற்றில் அப்போது முழங்கால் அளவு தண்ணீர்தான்.

நன்றாகத் தைக்கிறவர்களுக்கு டீச்சரம்மா ஊசியை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிழிசல் என்று எதுவும் மிஞ்சவில்லை. கிழியாதவற்றைத் தேட ஆரம்பித்தேன். அம்மாவுக்கு வெற்றிலை வைக்க ஒரு சுருக்குப்பை தைத்தேன். கன்றுக்குட்டிக்குக் கழுத்துப்பட்டை தைத்தேன். அது அதைத் தின்றுவிட்டது. இலவம்பஞ்சு அடைத்து ஒரு பொம்மை செய்தேன். கடைசியாக, அப்பாவின் புதுத் துண்டு ஒன்றின் மூலையில் பச்சை நூலால் ஒரு கிளியைத் தைத்தேன்.

அப்பா அதைக் கவனிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். அங்கே ஒருவர், "என்ன அண்ணாச்சி, துண்டுல கத்திரிக்கா காச்சிருக்கு?" என்று கேட்டாராம். சந்தை முழுவதும் சிரித்ததாம். அப்பா ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். வீட்டுக்கு வந்து துண்டை அம்மாவின் முன் எறிந்தார்.

"பொட்டப்பிள்ள படிச்சது காணும். இந்தக் கொடையோட பள்ளிக்கூடத்த நிறுத்திரணும், சொல்லிட்டேன்."

அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

கொடை என்பது எங்கள் குடும்பத்துச் சாமியான சுடலைமாடனுக்குச் சித்திரையில் எடுக்கும் விழா. டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த சித்திரை அது. அப்பாவின் தம்பிமேல்தான் சாமி வரும். முறைப்படி மூத்தவர்மேல் வந்திருக்க வேண்டும். மாடன் ஏனோ இளையவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இதைப் பற்றி அப்பா ஒருநாளும் அபிப்பிராயம் சொன்னதில்லை.

சித்தப்பா மிகவும் பயந்த சுபாவம். அண்ணன் இருக்கும் இடத்தில் உட்கார மாட்டார். சாப்பாட்டுப் பந்தியில்கூட அண்ணன் எழுந்த பிறகுதான் அவர் இலை போடுவார். அவர்மேல் வரும் சாமியும் அவரைப் போலவேதான் இருந்தது. சாதுவாக ஆடும், பைய நடக்கும், எல்லாருக்கும் திருநீறு போட்டு "நல்லாருப்ப" என்று சொல்லிவிட்டு மலையேறிவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள், "உங்க மாடன் சைவமா வே?" என்று கேலி செய்வார்கள்.

கொடைக்கு முந்தின நாள் காலையில் பூசாரி சாமிப்பெட்டியைத் திறந்தார். சாமியாடி இடுப்பில் அணியும் சல்லடம் அதில்தான் இருக்கும். சிவப்புத் துணியில் தைத்து, ஓரமெல்லாம் மணிகள் கோத்த, தொடையளவு கால்சட்டை அது. எடுத்து உதறியபோது மணிகள் நாலாபக்கமும் உருண்டன. எலி பின்பக்கத் தையல் முழுவதையும் கடித்துத் தள்ளியிருந்தது.

"பாத்தீரா வே, எலி சாமிக்கே வேல வச்சிட்டு," என்றார் பூசாரி.

"தையக்காரன எங்க?" என்றார் அப்பா.

"அவன் மிஷினத் தூக்கிக்கிட்டு களக்காட்டுக்குப் போயிருக்கான், கல்யாண வீட்டுக்கு. கொடை முடிஞ்சுதான் வருவான்."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இங்கன ஒருத்தி கிழியாததையெல்லாம் தச்சுக்கிட்டுக் கெடக்காளே. கிழிஞ்சதத் தைக்க மாட்டாளா?"

 பூசாரிதான் யோசித்துச் சொன்னார். "வயசுக்கு வராத பிள்ளதான? குளிச்சிட்டு வந்து தைக்கட்டும். ஒரு குத்தமும் இல்ல."

தூணோரம் நின்றிருந்த சித்தப்பா, "பிள்ள நல்லாத் தைக்கும்," என்று முனகினார்.

"என்னது?" என்று அப்பா திரும்பினார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

அப்பா என்னைப் பார்த்தார். "சரி, தச்சுக் குடு. கத்திரிக்கா போட்டுறாத. கொடை முடிஞ்சதும் அந்த ஊசியக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, அதோட வந்திரணும்."

அன்று முழுவதும் நான் தைத்தேன். தடித்த துணி. நூலை இரட்டையாக்கி, தேன்மெழுகில் உருவி, ஒரு தையல் முன்னே வைத்தால் அரைத் தையல் பின்னே வாங்கிப் போட்டேன். மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்து உலுக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகப் போகிறது என்ற துக்கம் நெஞ்சில் இருந்தது. கையோ அதைச் சட்டை செய்யாமல் சந்தோஷமாகத் தைத்துக்கொண்டிருந்தது. எனக்கே அது விசித்திரமாக இருந்தது.

சாயங்காலம் சித்தப்பா வந்து பக்கத்தில் குந்தினார். அப்பா வீட்டில் இல்லை.

"இடுப்புல கொஞ்சம் தாராளமா விடுட்டி. சாமி மூச்சு விடணும்லா?"

நான் சிரித்தேன். பிறகு ஊசியைக் காட்டி, டீச்சரம்மா அதை எண்ணி வாங்குவார் என்றும், தொலைத்தால் என்ன ஆகும் என்றும், தொலைக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் எனக்கு அதுதான் கடைசி நாள் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம்னா அம்புட்டு ஆசையாட்டி?"

தலையாட்டினேன். அவர் மணி ஒன்றை விரலால் சுண்டினார். "அண்ணாச்சிகிட்ட நான் என்னத்தச் சொல்ல," என்றார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மதியக் கொடை. உச்சிவெயிலுக்கு முன் சல்லடம் கோயிலில் இருக்க வேண்டும். காலையில் மேளம் தொடங்கிவிட்டது. பின்பக்கத்து இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் கடைசித் தையலை முடித்து நூலை அறுத்தேன். இன்னும் ஓரிடத்தில் பலமாகப் போடலாமே என்று மறுபடி நூல் கோக்க எடுத்தபோது அம்மா, "ஏட்டி, பொங்கப் பானைக்குத் தண்ணி கொண்டாட்டி!" என்று கூப்பிட்டாள். நான் நல்ல மாணவி. ஊசியைத் தரையில் வைக்கவில்லை. தைத்த துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது சல்லடம் இல்லை. பூசாரி வந்து எடுத்துப் போயிருந்தார்.

நான் ஓடினேன். கோயிலில் கூட்டம். சித்தப்பா வாய்க்காலில் குளித்து, சல்லடம் கட்டி, தலையில் குல்லாய் வைத்து, கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சாமி உடுப்புக் கட்டியபின் அவரைத் தொட முடியாது. ஆண்களின் முழங்கைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு நின்றேன். மேளம் எழும்பிற்று. அவர் வழக்கம்போல மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்து ஆடினார். உடனே ஒரு துள்ளுத் துள்ளினார் பாருங்கள், அப்படியொரு துள்ளலை எங்கள் ஊர் கண்டதில்லை.

ஆடினால் குத்திற்று, குத்தினால் இன்னும் ஆடினார். மேளக்காரர்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். "இந்த வருசம் மாடன் முழுசா எறங்கிட்டான் வே!" என்று என் தலைக்குமேல் ஒருவர் கத்தினார்.  சாமி வந்திருக்கும்போது உடம்புக்கு வலி தெரியாது, தீயிலே நடந்தாலும் சுடாது என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருந்தேன். அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாழிகைக்கு மேல் ஆடிய பிறகு சாமி வல்லயத்தைத் தரையில் ஊன்றி நின்றது. கண்கள் சிவந்திருந்தன.

"ஏலே மூத்தவனே! இங்க வாலே!"

கூட்டம் அடங்கிற்று. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, குனிந்தபடி முன்னே வந்தார்.

"எஞ் சல்லடத்தத் தச்சது யாருலே?"

"வீட்டுப் பிள்ளதான் சாமி," என்றார் அப்பா. அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. "அறியாப் பிள்ள. கொற இருந்தாப் பொறுக்கணும்."

 நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவளப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தப் போறியாம்லா?"

"அது... சாமி..."

"நிறுத்தப்பிடாது! அடுத்த கொடைக்கும் அவதான் தைக்கணும். படிப்பு இன்னும் பத்தாதுலே அவளுக்கு! போய்ப் படிக்கச் சொல்லு!"

அப்பா மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் பந்தலில் எல்லாரும் உட்கார்ந்து, மாடன் ஆடிய ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். எங்கள் குடும்பத்துக்கே மதிப்பு ஏறியிருந்தது. அப்பா மனம் குளிர்ந்து, பாயைத் தட்டி, தம்பியை முதன்முறையாகப் பக்கத்தில் அழைத்தார். "வாலே, இப்படி உக்காரு."

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்று சித்தப்பா நின்றுகொண்டே இருந்தார். ஊரே கொண்டாடும்போதும் அடக்கம் போகவில்லையே என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வைக்கோற்படப்புக்குப் பின்னால் அவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு வாழைமட்டைத் துண்டை நீட்டினார். அதில் ஊசி குத்தியிருந்தது.

"எண்ணி வாங்குவாகன்னு சொன்னியே. பத்திரம்."

"வலிச்சுதா சித்தப்பா?"

"யாருக்கு?" என்றார் அவர். அப்பா எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒருபக்கம் சாய்ந்தாற்போல நடந்து போனார்.

சுடலைமாடனுக்குத் தெரியாதது உண்டா, அவர்தான் ஊசியைத் திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் ஊசி கம்பளியில் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நானும் என் இடத்தில் உட்கார்ந்தேன். அதன் பிறகு நான் படித்த படிப்பும், இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குவதும் எல்லாம் அந்தச் சாமி வாக்கின் பேரில் நடந்தவைதான். அப்பா கடைசிவரை அதை மீறவில்லை.

சாமி வந்தவருக்கு வலி தெரியாது என்று நம்பியிருந்தேன். அவர் வலியில் துள்ளியதையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இந்த இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, முழு விழிப்போடு, உச்சிவெயிலில் ஊர் பார்க்க, ஒருவர் தன் அண்ணனை "ஏலே" என்று கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போது எப்படித் தெரியும்?

அடுத்த வருஷமும் சல்லடத்தை நான்தான் தைத்தேன். பட்டியில் வெள்ளை நூலால் இரட்டை வரி ஓட்டியிருந்தேன். கோயிலில் அதைக் கட்டுவதற்கு முன் சித்தப்பா வாங்கிப் பிரித்து, பட்டியின் உட்புறம் முழுவதும் விரலால் பையப் பைய, ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தார். என் தையலின் அழகில் மயங்கித்தான் அவ்வளவு நேரம் தடவுகிறார் என்று நினைத்து, நான் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்படி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.