தோட்டத் துரை வீட்டு மாண்டலின்

அன்றைக்கு நாங்கள் குளுவாங்குக்குப் புறப்பட்டது தையல் மெஷின் வாங்குவதற்காக. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். ஒரு தோட்டத்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்புகிறார், பங்களாச் சாமான்களையெல்லாம் விற்கிறார் என்று என் கணவருக்குத் தகவல் வந்திருந்தது. அவர் மலாயாவில் லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் கிளார்க். நான் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து அவரோடு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ரயில் தாமதமாகிவிட்டது. நாங்கள் பங்களா வாசலுக்குப் போகும்போது ஒரு சீனத் தையல்காரர் அந்த மெஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. வந்ததுக்கு நாலு பீங்கான் தட்டாவது எடுத்துக்கொண்டு போவோம் என்று உள்ளே கூட்டிப் போனார்.

உள் வராந்தாச் சுவரில், ஒரு மான் தலைக்குப் பக்கத்தில், அது தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி வளைத்து, பாதியாக வெட்டிய பூசணிக்காய் போல உருண்டிருந்தது. இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஐந்துதான் மிச்சம்.

"மாண்டலின். என் அம்மாவின் சித்திக்குச் சொந்தமானது. அவர் இத்தாலியில் வாங்கினார். எனக்கு வாசிக்கத் தெரியாது, அலங்காரத்துக்கு மாட்டி வைத்திருந்தேன்" என்று துரை இங்கிலீஷில் சொன்னார்.

நான் மிஷன் விடுதிப் பள்ளியில் ஆறு வருடம் பிடில் பழகியவள். கப்பலேறும்போது அந்தப் பிடிலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கீழேயிருந்த இரண்டு கம்பிகளை முறுக்கி நான் நினைத்த சுரத்தில் நிறுத்தி, நகத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்துப் போயின. பிடிலுக்குப் போலவே கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கிற வாத்தியம் இது என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. பிடிலில் இல்லாத மெட்டுகள், கழுத்தின் குறுக்கே பதித்த கம்பித் துண்டுகள், இதில் இருந்தன, அவ்வளவுதான். துரையின் நாய்கூட எழுந்து வந்து பார்த்தது.

என் கணவர் தாழ்ந்த குரலில், "தையல் மெஷின் வாங்கத்தானே வந்தனாங்கள்?" என்றார்.

"மெஷின் போயிட்டுதே. இதைப் பாருங்கோ, எவ்வளவு வடிவா இருக்கு."

"வடிவா இருக்குதான். ஆனா சட்டை தைக்காதே."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். அதற்கு மேல் நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் எதிரே இருந்த சீனத்து அம்மா ஒருவர் அதன் முதுகை விரலால் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

சுவரில் மாட்டுவதற்கு நான் அதை வாங்கவில்லை. ஆனால் வாசிக்கிற நிலைக்கு அதைக் கொண்டு வருவதற்குள் இரண்டு பேரும் படாத பாடு பட்டோம். பழைய கம்பிகளை நான் ஒரேயடியாகக் கழற்றியதும், கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரக் குதிரை தொப்பென்று மடியில் விழுந்தது. அது ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. விழுந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அது நின்ற இடத்தைக் காட்டிய அழுக்குக் கோட்டையும் தேங்காயெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

புதுக் கம்பி சிங்கப்பூரில்தான் கிடைக்கும். மெயில் ரயில் கார்டிடம் என் கணவர் சொல்லிவிட்டார். கார்டு முதல் தடவை கித்தார்க் கம்பி வாங்கி வந்தார். அந்தத் தடிமனைக் கட்டி இழுத்தால் கழுத்தே வளைந்து போகும் என்று திருப்பி அனுப்பினேன். மறுவாரம் சரியானது வந்தது. அதோடு கம்பியை மீட்டுகிற ஆமை ஓட்டு வில்லை ஒன்றும் வைத்திருந்தார். "கடைக்காரன் இது இல்லாமல் முடியாதென்று சொன்னான்" என்றாராம்.

அடுத்தது குதிரைக்கு இடம் கண்டுபிடிக்கும் வேலை. அது ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் கீழே சுத்தமாகப் பேசும் கம்பி மேலே போகப் போக அபசுரம் பேசியது. நான் வெறும் கம்பியைத் தட்டுவேன், பிறகு நடு மெட்டில் அழுத்தித் தட்டுவேன். இரண்டும் ஒரே சுரமாக, ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் ஒலிக்க வேண்டும். என் கணவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து குதிரையைக் கட்டைவிரல் நகத்தால் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் உங்கடை பக்கம். ஐயோ, கூடிப் போச்சு."

தனக்குச் சங்கீத ஞானமே கிடையாது என்று சொல்லிக்கொள்கிறவர் அவர். அப்படித் தள்ளித் தள்ளி ஒரு கட்டத்தில், நான் வாய் திறக்குமுன்னே, "நில்லும், இப்ப சரி" என்றார். சரியாகத்தான் இருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பென்சிலால் குதிரையைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அதற்குப் பிறகு சாயங்கால ரயில் போனதும் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் உட்கார்ந்து வாசிப்பேன். பட்டுச் சேலையில் அந்த உருண்டை முதுகு வழுக்கும், அதனால் மடியில் முரட்டுத் துவாய் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். மழை பெய்தால் கம்பி இறங்கிவிடும், லாயாங் லாயாங்கில் மழை பெய்யாத நாள் எது? கமகத்துக்கு அது இழுபடாது. எங்கள் கீர்த்தனைகள் அதில் நொண்டின. ஆனால் வில்லையை விடாமல் அதிரவிட்டால் ஒரு சுரம் நீண்டுகொண்டே போகும், மழை நின்ற பிறகு இலையிலிருந்து சொட்டுவது போல.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கக்காக், அது என்ன பறவை?" என்றாள். வயதில் அவள் எனக்கு மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் வாத்தியத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் வேலியைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினாள். எனக்கு மெட்டுத்தான் பிடிபட்டது. வார்த்தைகள் விளங்க இரண்டு மாதமாயிற்று. பிறகு அவள் பாடிக் காட்டிய பாட்டுகளுக்கெல்லாம் மாண்டலின் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

அவளுடைய அண்ணன் மகளுக்குக் கலியாணம் வந்தது. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வீடு. வாத்தியத்தோடு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"சபையிலே வாசிக்கப் போறீரோ?" என்று என் கணவர் தயங்கினார்.

"சபையில இல்லை. பொம்பிளையளோட, குசினிப் பக்கம்."

வீட்டுக்கு முன்னால் ஓலைப் பந்தலில் ஆண்கள். அங்கே பியோலா என்று அவர்கள் சொல்லும் பிடிலோடு ஒருவர், பறை தட்ட இரண்டு பேர். பின்னால் நாங்கள் பெண்கள், நெய்ச்சோற்று அண்டாக்களுக்கு நடுவில். எல்லோரும் வற்புறுத்தியதால் பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்ற பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். முன்பக்கம் பியோலா சட்டென்று நின்றது. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தபடியே அந்த வரியை முடித்தேன். அடுத்த வரியில் சுவருக்கு அப்பாலிருந்து அவர் பதில் வாசித்தார்! நான் ஒரு வரி, அவர் ஒரு வரி. பறையும் சேர்ந்துகொண்டது. மணப்பெண்ணின் பெரியம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஆடத் தொடங்கினார். பாதியில் ஒரு கம்பி அறுந்தது. ஜோடிக் கம்பி இருந்ததால் சமாளித்தேன். ஆனால் அந்தத் திடுக்கிடலில் விரல் தவறி வேறெங்கோ போய், நாலு சுரம் சுற்றி ஒருவழியாகத் திரும்பி வந்தேன்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பியோலாக்காரர் குசினி வாசலில் மரியாதையாக ஒதுங்கி நின்றார். நரைத்த மீசை.

"நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினீர்களே அம்மா, அதை இன்னொரு முறை வாசியுங்கள். என் குருநாதர்கூட அப்படி வாசித்ததில்லை."

அது தவறு என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. மறுபடி வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பந்தலில் என் கணவரிடம் யார் வாசிப்பது என்று ஆளுக்காள் கேட்டார்களாம். "என்ர மனுசிதான்" என்று சொல்லிச் சொல்லியே சோறு ஆறிப் போய்விட்டது என்றார் வீட்டுக்கு வரும் வழியில்.

அடுத்த வருஷம் குளுவாங்கில் வேறொரு கலியாண வீட்டில் அதே பியோலாக்காரர் அதே பாட்டை வாசித்தார். நான் விருந்தாளியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் அவர் என் தவறை அப்படியே, வெகு ஒய்யாரமாக, பிடில் வில்லை நீட்டி இழுத்து வாசித்தார். சபை முழுவதும் "ஆஹா" என்றது. பாயிண்ட்ஸ்மேன் மனைவி என் விலாவில் இடித்தாள். நானும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினேன்.