பார்டர் மாற்றிய பாடத்திட்டம்

வாத்தியார் ஆகப்போகிறவர்களுக்கு வாத்தியாராக இருப்பது ஒரு தனிப் பிழைப்பு. நாம் என்ன பாடம் எடுக்கிறோம் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க மாட்டார்கள். எப்படி எடுக்கிறோம் என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருப்பார்கள். பி.எட். கல்லூரியில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்களும் எங்கேயாவது ஒரு முதலாளியின் புதுத் திட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பீர்கள். வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான்.

ஆரணியைச் சுற்றித் திரும்பின பக்கமெல்லாம் பி.எட். கல்லூரி திறந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்கள் அவை. சேத்துப்பட்டு போகும் ரோட்டில் எங்கள் கல்லூரி. நான் அங்கே கல்வித் தத்துவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திருத்திய பாடத்திட்டம் என்று ஒன்று வந்து சேரும்வரை. தத்துவத்தையும் சமூகவியலையும் ஒரே தாளாகச் சேர்த்துவிட்டார்கள். தாள் ஒன்று, ஆள் இரண்டு. சமூகவியல் எடுத்த களம்பூர் ஏகாம்பரம் சார் எனக்கு சீனியர். அப்படியானால் ஜூன் மாதம் வீட்டுக்குப் போக வேண்டியது யார்? நான்தான்.

வீட்டிலோ, என் வீட்டுக்காரர் வைத்திருந்த பவர்லூம் படுத்துவிட்டது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

முதலாளியின் யோசனை

எங்கள் தாளாளர் பட்டு வியாபாரி. பெரிய கடைவீதியில் அவர் கடைக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் ஊர்ப்பட்ட சேலையை விரித்துப் போட்டு, நம்மை ஒன்றாவது வாங்க வைத்துவிடுவார். கல்லூரியையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். திருத்திய பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். துணியின் தரம் பார்க்கும் பழக்கம், காகிதத்திலும் வந்துவிட்டது.

"சார், என் வேலை என்ன ஆகும்?" என்று நேராகவே கேட்டேன். அந்த வருடம் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு புதிய விருப்பப் பாடத்தை முன்மொழியலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அப்படி ஒன்றைக் கொண்டுவந்து பாஸ் பண்ணிவிட்டால் என்னை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். "தத்துவத்தை விட்டால் எனக்கு என்ன தெரியும் சார்?" என்றேன். மனிதர் அசரவில்லை.

"அம்மா, ஒரு சேலை போணியாகாம மூலையில கெடந்தா நான் இன்னா செய்வேன்? பார்டர மாத்தி, புதுசா ஒரு பேர வெச்சி, கடை முன்னால தொங்க வுடுவேன். ஒங்க தத்துவத்துக்கும் அத்தயே செய்யுங்க, ஜல்தியா செய்யுங்க."

பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

அந்தக் காலத்தில் எதற்கு முன்னால் 'கணினி' என்று சேர்த்தாலும் மதிப்பு. நானும் 'கணினிவழிக் கற்பித்தல்' என்று ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். கல்லூரியின் ஒரே கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. தாளாளர் கடையிலிருந்து வந்த பச்சைப் பட்டுத் துண்டு போர்த்தி, மேலே குங்குமம் வைத்து, பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டு. முதல்வர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்திலேயே போவார்.

"சார், இதை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?" என்றேன். முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சாமி சிலையைக் கழற்றி மாட்டலாமா என்று கேட்டமாதிரி இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு தடவை போடுவார்களாம், அதுவும் கரண்டு இருந்தால். சரி, தினம் இதைப் பார்த்துக்கொள்கிற அட்டெண்டர் குப்பனையாவது கேட்போம் என்று திரும்பினேன்.

"மேடம், பொட்டு வெக்கறது என் வேலை, துண்ட ஒதர்றதும் என் வேலை. சுச்சி போடறது யாருன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலியே."

ஊருக்கு ஏற்ற படிப்பு

கம்ப்யூட்டர் போனால் போகட்டும், ஆரணியில் இருந்துகொண்டு இதுகூடத் தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, அடுத்து 'கைத்தொழிற் கல்வி: பட்டு நெசவு' என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே புல்லரித்தது. காந்தி கால ஆதாரக் கல்வியிலிருந்து ஆரம்பித்து, உழைப்பும் அறிவும் கைகோப்பது, உள்ளூர்ப் பண்பாடு வகுப்பறைக்குள் வருவது என்று தத்துவத்தை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டேன். படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் தறி வீட்டுப் பெண்கள் வேறு. துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்து வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

ஒருத்தியும் குதிக்கவில்லை. முதல் பெஞ்சில் கோமதி என்று ஒருத்தி. எல்லாரையும்விட மூத்தவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். விடியற்காலை புருஷனோடு தறிக்குழியில் காலை இறக்கி நெய்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வகுப்புக்கு வருகிறவள். மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பாள். அவள்தான் எழுந்தாள்.

"மேடம், தறிக்குழியவுட்டு மேல ஏறணும்னுதான் நகைய அடகு வெச்சி பி.எட். சேந்துகினு இருக்கறேன். இங்கயும் வந்து குழி தோண்டறீங்களே, நியாயமா?"

அந்தக் காகிதத்தை அங்கேயே நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மிக நன்று

பி.எட். பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிப் பாடம் எடுக்க வைப்பது எங்கள் வழக்கம். திருத்திய பாடத்திட்டத்தில் மாணவரைப் பாராட்டி ஊக்குவிப்பதற்குத் தனி மார்க். பையன் எதைச் சொன்னாலும் 'நன்று', 'மிக நன்று' என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். நானும் வகுப்பில் ஓதியிருந்தேன்: "வாயைத் திறந்தாலே பாராட்டுங்க, யோசிக்காதீங்க." வெம்பாக்கத்துப் பையன் ராஜசேகர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு களம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனான்.

நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ஒளிச்சேர்க்கை பாடம். நடுவில் ஒரு பையன் எழுந்து, "சார், வயிறு வலிக்குது" என்றான். ராஜசேகர் முகமெல்லாம் சிரிப்பாக, "மிக நன்று! உட்காரு. வேற யாராவது?" என்றானே பார்க்கலாம். விடுவார்களா? தலைவலி, கால்வலி, ஜுரம், மாமா கல்யாணம் என்று வரிசையாக எழுந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு 'நன்று'. பாராட்டுக் கிடைத்தவன் எல்லாம் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தான். ராஜசேகருக்குத் தடுக்கவும் தெரியவில்லை, தடுத்தால் மார்க் போய்விடுமோ என்று பயம். என்னைப் பார்க்கிறான், நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஹெட்மிஸ்டிரஸ் அம்மாவே வந்து கேட் அருகில் நின்று ஆளைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"மேடம், ஒங்க சாரு பாராட்டியே பாதிக் கிளாஸ வூட்டுக்கு அனுப்பிட்டாரு. மீதிப் பேர நாளைக்கி வந்து பாராட்டட்டும், இன்னிக்கி என்னால முடியாது."

பேர் சூட்டு விழா

அந்த அம்மாவின் புண்ணியத்தில் திரும்பி வரும் பஸ்ஸிலேயே எனக்கு விடை கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், தறியும் வேண்டாம். நாற்பது வாண்டுகளை ஒரு அறைக்குள் உட்கார வைக்கத் தெரிந்தால் போதும். 'வகுப்பறையைச் சமாளித்தல்' என்று எழுதினேன்.

தாளாளர் தலைப்பைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சப்புனு கீதும்மா, கொஞ்சம் ஜரிகை போடுங்க" என்றார். முதல்வர் 'இயக்கவியல்' சேர்த்தார். நான் 'உளநலம்' சேர்த்தேன். முடிவில் 'வகுப்பறை இயக்கவியலும் மாணவர் உளநல மேம்பாடும் ஆசிரியர் ஆளுமைத் திறன்களும்' என்று வந்து நின்றது. தாளாளருக்குப் பரம திருப்தி. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் சார் வாசித்துப் பார்த்தார். என் பாடத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர் என்று அவர்மேல் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், ஆனால் அந்த மனிதர்மேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடியாது.

"பேர போர்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடும் மேடம். பாடமே எடுக்க வாணாம், இந்த மாதிரி கோர்ஸு எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

இரண்டு கைக்கும் வேலை

புதுப் பாடத்தைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து குழு வருகிறது என்றார்கள். அவர்கள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். எங்கள் கல்லூரிகளில் மாதிரி வகுப்பு என்றால் பி.எட். பிள்ளைகளே எட்டாங்கிளாஸ் மாணவர்களாக நடிப்பார்கள். மீசை வைத்தவன் "டீச்சர், இவன் என்னைக் கிள்றான்" என்பான். பார்க்கக் கண் கொள்ளாது.

கேள்வி கேட்டால் பத்துப் பேராவது கை தூக்காவிட்டால் மானம் போய்விடும். அதற்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற ஒரு ஏற்பாடு உண்டு. இன்ஸ்பெக்ஷன் அன்று எல்லாருமே கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரி அசந்துபோய்விடுவார். நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இரண்டு நாள் ஒத்திகையும் பார்த்தேன். "இது ஜெயிச்சாத்தான் அடுத்த வருஷம் நான் இங்க இருப்பேன்" என்று வாய் தவறி அதையும் சொல்லிவிட்டேன். கோமதி மட்டும் சந்தேகம் கேட்டாள்.

"மேடம், பாதி தெரிஞ்சி பாதி தெரியாம இருந்தா, எந்தக் கையத் தூக்கறது?"

குழு வந்த நாள்

குழுவின் தலைவர் ஒரு பெரியவர். அதிகம் பேசவில்லை, பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மாதிரி வகுப்பு ஜாம் ஜாம் என்று நடந்தது. கேள்விக்குக் கேள்வி கைக்காடு. நான் வலது கைகளாகப் பொறுக்கி எழுப்பினேன், அத்தனையும் சரியான விடை. ஜன்னலுக்கு வெளியே தாளாளர், சேலை விற்ற சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தார்.

முடிக்கப்போகும் நேரத்தில் பெரியவர் எழுந்து முன்னால் வந்தார். "நானும் ஒண்ணு கேக்கறேன். இந்தப் புதுப் பாடத்துல என்னென்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாடத்திட்டத்தை நான் பிள்ளைகள் யாருக்கும் காட்டவே இல்லையே! அடிப்பாவிகளா, பழக்கிவிட்ட வகுப்பு பழக்கம் மாறாமல் படக்கென்று கை தூக்கியது. மொத்த வகுப்பும். மொத்தமும் இடது கை.

பெரியவர் அந்தக் கைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நானும் எட்டாங்கிளாஸ் வாத்தியாராத்தாம்மா ஆரம்பிச்சேன். எங்க ஸ்கூல்ல இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம். இங்க எப்படி?" என்றார். போச்சு, ஜூன் மாதம் வீடுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

அவர் விடவில்லை. மறுபடி வகுப்பைப் பார்த்து, "சரி, இந்தப் பாடம் வேணும்னு சொல்றவங்க?" என்றார். இடது கைகள் எல்லாம் இறங்கின. வலது கைகள் ஏறின. ஒன்று பாக்கியில்லாமல் ஏறின. வெம்பாக்கத்து ராஜசேகர் பெஞ்சின்மேல் ஏறாத குறை.

பெரியவர் முன் பெஞ்சிலிருந்த கோமதியை எழுப்பினார். "ஏம்மா, என்ன பாடம்னே தெரியாதுங்கறீங்க. அப்புறம் எப்படி வேணுங்கறீங்க?" கோமதி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, எட்டாங்கிளாஸ் நடிப்பை எல்லாம் விட்டுவிட்டு, நேராக நின்று பதில் சொன்னாள்.

"பாடத்தப் பத்தித் தெரியாதுங்க சார். மேடத்தப் பத்தித் தெரியும். எங்களுக்குப் பின்னால வர்றவங்களுக்கும் அவங்க இருக்கணுங்க."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கனவே சுத்தமாக இருந்த பலகையை அழி அழி என்று அழித்தேன். முதுகுக்குப் பின்னால் பெரியவர் தன் குழு ஆட்களிடம் சொன்னது காதில் விழுந்தது.

"என்னன்னு தெரியாமலே வேணும்னு கேக்கறாங்கய்யா. நம்ம போர்டு பாஸ் பண்ற மத்த பாடமெல்லாம் என்ன வாழுதாம், போடு கையெழுத்த."

நல்ல வேளை, பாஸாகிவிட்டது. தாளாளர் புண்ணியத்தில் நான் பல வருடம் அதை எடுத்தும் வந்தேன், அது இன்றைக்கும் விருப்பப் பாடம்தான், என்ன, சேருகிற எல்லாரும் கட்டாயமாக விரும்பியே ஆக வேண்டும்.