ஏரிப் படிகளும் என் ஓரகத்தியும்

என் ஏரி நோட்டின் ஒரு பக்கத்தில், மையால் எழுதிய எண்களுக்கு அடியில், ஒரு வரி இருந்து அழிந்திருக்கிறது. நேராகப் பார்த்தால் வெறும் தாள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளின் பள்ளம் தெரியும். அழித்தது நான். எழுதியவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி.

பீர்க்கன்கரணையில் ஒரே வீட்டில் நாங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயும் இருக்கிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு ஏரிக்குப் போய், மேல்படி தொடங்கித் தண்ணீர்வரை எத்தனை படிகள் காய்ந்திருக்கின்றன என்று எண்ணித் தேதியோடு குறித்துவருகிறேன். எண் கூடினால் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று பொருள். யாரும் கேட்டுச் செய்வதல்ல. வரலாறு எம்.ஏ.வை முதலாண்டோடு விட்டுவிட்டு வேலைக்குப் போனவளுக்கு ஏதோ ஒன்றைத் தொடர்ந்து எழுதிவைக்க வேண்டியிருந்தது.

சென்ற மே மாதம் தாம்பரத்தில் ஒரு கல்லூரி, வெளியாட்களும் சேரக்கூடிய கோடைப் படிப்பு ஒன்றை நடத்தியது. மூன்று வாரம். காலையில் வரலாறும் சமூகவியலும். மதியம் நீர், நிலம், குப்பை, அடுத்த தலைமுறைக்கு எதை மிச்சம் வைக்கிறோம் என்பது பற்றிய வகுப்புகள். கடைசி நாளில் அவரவர் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். சிறந்த கட்டுரைக்காரரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோடைப் படிப்புக்கு அனுப்புவார்கள். அறிவிப்பில் இருந்த அந்தக் கடைசி வரிக்காகவே விண்ணப்பித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொருமுறை என்னை யாரும் படிக்கக் கூப்பிடப்போவதில்லை.

நான் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு போடுங்கக்கா. மே மாசம் வூட்ல சும்மாதானே கீறேன்." பிளஸ் டூவோடு நின்றவள். எடுக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் நானே நிரப்பிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்புக்கான கட்டுரைகளை நான் இரண்டு நாள் முன்பே அடிக்கோடிட்டுப் படித்து வைத்திருப்பேன். அவள் கடைசி பெஞ்சில் முறுக்கை உடைத்துக்கொண்டிருப்பாள். பொதுவெளி பற்றிய வகுப்பில் திடீரென்று எழுந்தாள். "ஏரி எல்லாருக்கும் சொந்தம்ங்கிறீங்க சார். அப்ப துணி தோய்க்கிறவங்களை மட்டும் வாக்கிங் வர்றவங்க ஏன் தொரத்துறாங்க?" பேராசிரியர் சிரித்தார். பிறகு அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினார். மூன்று நாள் அதை யாரும் அழிக்கவில்லை. நானும் என் குறிப்பில் தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டேன். கேட்டவர் பெயரை மட்டும் எழுதவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "சார் நான் சொன்னதுக்கு சிரிச்சாரே, பாராட்டுனாரா, கிண்டல் பண்ணாராக்கா?"

"தெரியலையே" என்றேன். தெரியும்.

என் கட்டுரையின் முடிவு எனக்குப் பெருமையாக இருந்தது. கரையில் நடைபாதை போட்ட பிறகு ஏரியில் சராசரியாக ஒரு படி தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. என் எண்களே சாட்சி. வாசிக்க வேண்டிய நாளுக்கு முந்தின மதியம் அவள் நோட்டை இரவல் வாங்கினாள். அவள் அந்த ஏரிக்கரைத் தெருவிலேயே பிறந்தவள். மாலையில் நோட்டு திரும்பியபோது அதில் பென்சிலில் ஒரு வரி இருந்தது: 'பாதை போட்டப்ப நாங்க பக்கெட் வைக்கிற மேல்படிய மண்ணு போட்டு மூடிட்டாங்க. இதுலேர்ந்து எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டணும்.'

நடைபாதை வேலை நடந்த வாரங்களில் கரையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த ஞாயிறுகளுக்கு நேரே 'கரை மூடல்' என்று ஒழுங்காகக் குறித்திருந்தேன். திறந்த பிறகு கண்ணுக்குத் தெரிந்த முதல் படியிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். ஏரி பழையபடியே இருந்தது. கூடுதல் தண்ணீர் என் நோட்டில் மட்டும்தான் நின்றிருந்தது.

அழிப்பானை எடுத்து அந்த வரியை அழித்தேன். பிறகு கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். மறுநாள், "என் பதிவுகளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன்" என்று தொடங்கினேன். தன் தவறைத் தானே தேடிப் பிடிப்பது எவ்வளவு அரிது என்று பேராசிரியர் சபைக்குச் சொன்னார். முதலில் கைதட்டியவள் ஓரகத்தி. என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த ஊர் வகுப்பறையிலும் ஒவ்வொரு பாடத்தின்போதும், இவள் இங்கே இருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் மாடிக்கு வந்தாள். "இந்தத் தடவை நான் தனியா போறேங்க்கா. நோட்டைக் குடுங்க." மறுக்க ஒரு காரணம் தேடிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். ஜன்னல் பக்கம் சாய்த்தாள். கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பென்சில் நிக்காதுன்னு தெரியும்கா. அதான் நல்லா அழுத்தி எழுதினேன்."

சிரித்துக்கொண்டே நோட்டோடு இறங்கிப் போனாள். அவமானம் வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. இத்தனை வருடம் மையில் எழுதிய நான் ஒரு வரியைக்கூட அப்படி எழுதியதில்லை.

இன்று ஞாயிறு. ஒன்பது படி எண்ணினேன். எழுத நோட்டு இல்லாததால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பக்கத்தையே திறந்து வைத்திருந்தாள். கையில் பென்சில். "ஒன்பது" என்றேன்.

"ஒம்பதா? கூட்டினதா, கூட்டாததாக்கா?"

"கூட்டாதது" என்றேன். பத்து என்று எழுதினாள்.