விரல்காரன் தேய்த்துப் பார்த்த எண்ணெய்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தெருவில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். விரல்காரன் என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கடைவாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும்.

இருபத்திரண்டு வருடமாக மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். என்ஜினிலிருந்து இறக்கிய எண்ணெயில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பான். "இது மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினது. உள்ள பேரிங் அரைக்குது" என்பான். பிரித்துப் பார்த்தால் அரைத்துத்தான் இருக்கும். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்லிவிடுவான். அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி வேறு யாராவது வாயைத் திறந்தால் ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

டப்பாவில் அச்சடித்திருப்பதை மட்டும் படிக்க மாட்டான். படிக்கத் தெரியாதவன் இல்லை, செய்தித்தாளை விளம்பரம்கூட விடாமல் மேய்கிறவன்தான். வெறும் வீம்பு! "டப்பாவுல என்ன வேணா போடுவான். என் விரல்கிட்ட வந்து பொய் சொல்லச் சொல்லு பாப்போம்" என்பான். அந்த வீம்பு ஒரு வியாழக்கிழமை காலையில் அவன் அக்காவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சோர்ந்துபோயின. கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடப்பாள். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. கியர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு இரும்புப் பெட்டியும் வைத்து, கியரைக் கையாலேயே மாற்றுகிற மாதிரி தம்பிதான் செய்து கொடுத்திருந்தான். அந்த மூணு சக்கர வண்டியில் ஆறு வருடமாகக் கடை கடையாக முட்டை கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள்.

ஊர்க்கோடியில் மேட்டின் மேல் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் கேன்டீனுக்குத் தினமும் தொள்ளாயிரம் முட்டை வேண்டும். அக்கா போய்க் கேட்டபோது கேன்டீன் மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "சரிம்மா, வியாழக்கிழமை முழு லோடோட ஒரு தடவை மேல ஏறி வந்து காட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார். அந்த ஏற்றத்தில் காலி ஆட்டோவே முக்கி முனகிக்கொண்டுதான் ஏறும். அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தால் தெருத்தெருவாக அலைய வேண்டாம். ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகச் செவ்வாய்க்கிழமையே அவள் வண்டிக்கு எண்ணெய் மாற்ற உட்கார்ந்தான் விரல்காரன். வழக்கமாக ஊற்றுகிற எண்ணெய் ஸ்டாக் இல்லை. பார்ட்ஸ் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண், "எந்த வண்டிக்குண்ணா?" என்று கேட்டாள்.

"எண்ணெயைக் காட்டும்மா. வண்டியை நான் பாத்துக்கறேன்."

அவள் மூன்று தினுசு எடுத்து வைத்தாள். மூன்றையும் தேய்த்துப் பார்த்தான். மூன்றாவது விரலில் நிற்காமல் வழுக்கியது, பட்டு மாதிரி. விலை இரண்டு மடங்கு. அக்காவுக்கு இல்லாததா என்று யோசிக்காமல் வாங்கிவந்து ஊற்றினான்.

புதன்கிழமை சாயந்தரம் அக்கா வண்டியோடு கடைக்கு வந்தாள். "டேய், முறுக்கினா சத்தம்தான்டா வருது. வண்டி நகரவே யோசிக்குது" என்றாள்.

அவன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்துகூட வரவில்லை. "நீ கிளட்ச்சை முழுசா விட மாட்டேங்கற. பாதி பிடிச்சுக்கிட்டே ஓட்டினா எப்படிக்கா இழுக்கும்?"

"விட்டுத்தான்டா ஓட்டறேன்."

"விடல. நாளைக்கு நெனச்சு உன் கை பயப்படுது. வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கு, போ."

அவள் கிளட்ச்சை இரண்டு தடவை பிடித்து விட்டுப் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதே கால் மணிக்கு முப்பது அட்டை முட்டையை ஏற்றிக்கொண்டு அக்கா கிளம்பினாள். அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும், எதிர்க்கடையில் கார் பழுது பார்க்கிறவர் ஸ்பேனர் கடன் கேட்டு வந்தார். ஊரில் அவரைக் கார் டாக்டர் என்பார்கள். விரல்காரனின் மனைவி செவ்வாய்க்கிழமை காலியான எண்ணெய் டப்பாவின் தலையை வெட்டிப் புனல் செய்துகொண்டிருந்தாள். கார் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா, எனக்குப் போட்டியா கார் வேலைக்கு இறங்கிட்டியா?"

"ஏன்?"

"இது கார் எண்ணெயாச்சே. இந்தா, கார் படமே போட்டிருக்கான். நல்லா வழுக்கறதுக்குன்னு மருந்து சேர்த்தது. பெட்ரோல் மிச்சமாகும். நான் இதைத்தான் ஊத்தறேன்."

விரல்காரன் டப்பாவை வாங்கிப் படித்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் படித்தான்!

காரில் கிளட்ச் தனியாக, எண்ணெய் படாமல் வெளியே இருக்கும். மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் தட்டுகள் அந்த எண்ணெயிலேயே ஊறிக் கிடந்துதான் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கும் மருந்து கலந்த எண்ணெயில் ஊறினால் அவை எங்கே பிடிக்கும்? சமதரையில் எப்படியோ சமாளித்து ஓடிவிடும். சுமையோடு ஏற்றத்தில் போனால் என்ஜின் மட்டும் கத்தும், சக்கரத்துக்கு ஒன்றும் வந்து சேராது. அவனுக்குத் தெரியாத விஷயமா இது? தெரிந்திருந்தும் டப்பாவைப் பார்க்காமல் ஊற்றினான், அதுதான் கொடுமை.

போன் அடித்தான். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது, பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடு என்று அக்காவிடம் அடித்துச் சொல்லி வைத்தவனே அவன்தான்.

"ஏங்க, அண்ணிக்கு என்னங்க?" என்று மனைவி பதறினாள். அவன் பழுதுக்கு வந்திருந்த எவனுடைய வண்டியையோ உதைத்துக் கிளப்பினான். பாதி வழியில்தான் அந்த வண்டிக்குப் பின் பிரேக்கைக் கழற்றி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அதற்காக நின்று யோசிக்க நேரம் இல்லை.

வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான். வண்டி பின்னால் உருண்டால் காலுள்ளவன் குதித்துவிடுவான். அக்கா குதிக்க முடியாது. அவள் வண்டியின் பிரேக் முன்னால் போகிற வண்டியைப் பிடிக்கிற அளவுக்குப் பின்னால் உருள்கிற வண்டியைப் பிடிக்காது, அதை மாட்டியவனும் அவன்தான். ஏற்றத்தின் ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறு பக்கம் பள்ளம், அடிவாரத்தில் பஸ் போகிற நாற்சந்தி. சந்தையடியில் ஒரு லாரி குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. "யோவ், எடுய்யா! எடுய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். லாரிக்காரன் நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.

நாற்சந்திக்கு வந்ததும் முதலில் சத்தம்தான் கேட்டது. என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. கருகல் வாடையும் வந்தது. நிமிர்ந்து பார்த்தான். ஏற்றத்தில் முக்கால்வாசிக்கு மேல் அக்காவின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சாண் பின்னால் வந்தது. அப்புறம் ஒரு முழம்.

வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினான். "அக்கா! அக்கா!" என்று கத்தினான். அவளுக்குக் கேட்டிருக்காது. பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கியிருந்தாள், வண்டி அதை மதிக்காமல் வேகம் பிடித்தது. அவன் கீழிருந்து ஓடுகிற ஓட்டத்துக்கும் அது மேலிருந்து வருகிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதோ பள்ளத்தில் விழப்போகிறாள், என் கண் முன்னாலேயே விழப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஓடினான்.

அக்கா தலையைத் திருப்பிப் பின்னால் ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவைதான். ஒரு கையைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஹேண்டிலை வெடுக்கென்று ஒரு பக்கமாக ஒடித்தாள். வண்டியின் பின்புறம் பள்ளத்தை விட்டு விலகிச் சுவர்ப் பக்கம் திரும்பியது. இரும்புப் பெட்டி கருங்கல்லில் கரகரவென்று உரசிக்கொண்டே வந்து, ஒரு சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி, நின்றது.

விரல்காரன் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. என்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான். பெட்டியிலிருந்து மஞ்சள் கரு ரோட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா ஹேண்டிலை விடாமல் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, வேறு அடி இல்லை.

மேலேயிருந்து கேன்டீன் மேனேஜரும் நாலைந்து பேரும் ஓடிவந்தார்கள். அவர்களில் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் விரல்காரனுக்குப் பழக்கமானவர்கள். மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. "உயிரே போயிருக்கும். நான் அன்னிக்கே யோசிச்சேன்ம்மா. உங்களால இது முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க, உடம்பு ஒத்துழைக்கணும்ல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா சார். வண்டி மேல குத்தமில்ல. என் தம்பி பாத்து அனுப்பின வண்டி. எனக்குத்தான் கிளட்ச்சை விடத் தெரியல. கை பயப்படுதுன்னு அவன் நேத்தே சொன்னான்."

விரல்காரன் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைக்குப் போய் எண்ணெயை இறக்கிவிட்டு, தட்டுகளை மாற்றினால் முடிந்தது கதை. கார் டாக்டர் வாயை ஒரு டீயில் அடைத்துவிடலாம். இப்படி ஒரு கணக்கு அந்த நேரத்திலும் அவன் மண்டைக்குள் ஓடியது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அவனைப் பற்றிய கதையே இல்லை.

"சார்" என்றான். "அக்கா மேல தப்பே இல்ல சார். நான் கார் எண்ணெயை ஊத்திட்டேன். டப்பாவைப் படிக்கல. நேத்து வந்து சொன்னாங்க, இழுவை இல்லன்னு. நான் எழுந்துகூடப் பாக்கல. இந்த எண்ணெயைப் போட்டா நீங்க ஓட்டினாலும் ஏறாது, நான் ஓட்டினாலும் ஏறாது."

ஒரு ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன விரலு, கார் எண்ணெயா? நீயா?" சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்க இது பரவிவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரியட்டும்.

மேனேஜர் சுவரைப் பார்த்தார், மறுபக்கப் பள்ளத்தையும் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அப்ப இதைத் திருப்பி நிறுத்தினது?"

"அவங்கதான் சார். நான் கீழ இருந்தேன்."

"திங்கட்கிழமை வாங்கம்மா. இதே நேரம்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறிப்போனார்.

கூட்டம் கலைந்தது. விரல்காரன் அக்காவின் பக்கத்தில் போய் நின்றான். திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நின்றான். அவள் திட்டவில்லை. ஹேண்டிலைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து நீ சொன்னதும் வீட்டுக்குப் போய் கையை மடக்கி மடக்கி நீட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேன்டா" என்றாள். "காலு போச்சு. இப்ப கையும் போக ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

இவ்வளவு நேரம் அழாதவள் அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவன் ரோட்டிலேயே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.