சுடாத பாறை
கல்லடியிலிருந்து பன்னிரண்டு பேர் வழிகாட்டியுடன் மூன்று நாள் மலையேற்றப் பயணம் போனோம். நீரிழிவுள்ள என் கணவருக்கான மாத்திரை, தண்ணீர், உணவு நேரம் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் நண்பகலில் மலைக்கோயிலுக்குப் போக, சப்பாத்துகளை அடிவாரத்தில் கழற்றினோம். பாறை கொதித்தது. எல்லோரும் துள்ளி ஓட, என் கணவர் மட்டும் ஆறுதலாக நடந்தார்.

"சுடல்லையா அண்ணன்?" என்றார் வழிகாட்டி.

"எனக்கு ஒண்டும் சுடல்ல தம்பி. உங்களுக்கெல்லாம் பஞ்சுக்கால்!"

எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

மாலையில் பார்த்தால், அவரது உள்ளங்கால்கள் கொப்புளித்துத் தோல் உரிந்திருந்தன.

"நோகுதா?"

"இல்லயே" என்றார்.

அப்போதுதான் பயந்தேன். நீரிழிவால் பாதங்கள் உணர்விழந்திருந்ததை இருவருமே அறியவில்லை. ஆறு கிழமை மருந்து கட்டிய பிறகே புண் ஆறியது. இப்போது கோயில் பாறைகளில் அவர் கால் வைக்குமுன், என் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.