கமறாத மிளகாய்

இங்கேயும் குழந்தையின் நெற்றியோரத்தில் மையால் ஒரு பொட்டு வைக்கிறார்கள். கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்புக்கு வந்த புதிதில், பாஷை தெரியாத எனக்கு அது ஒன்றுதான் புரிந்தது. மற்றதும் நம் ஊர் மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வீட்டு ஃபுல்மணி ஜார்கிராம் பக்கத்துச் சந்தால் பெண். யாரிடமும் வாய் திறக்கக் கூசும் நான், அவளிடம் மட்டும் அரைகுறை வங்காளத்தில் பேசுவேன். அவளுடைய கைக்குழந்தை என் மடியில்தான் தூங்கும். விழுப்புரத்தில் இருக்கும் என் பேரனை இன்னும் தூக்கியதில்லை, போனில் பார்ப்பதுதான்.

போன மாசம் ஒருநாள் குழந்தை பால் குடிக்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. உப்பு, கடுகு, காய்ந்த மிளகாயைக் கைக்குள் மூடி, ஊர்க்கண் உறவுக்கண் என்று முணுமுணுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் கமறவே இல்லை.

"பாத்தியா, நெடியே இல்ல. அவ்வளவு கண்ணு" என்று சந்தோஷமாகச் சிரித்தேன். ஃபுல்மணியின் முகம் மாறியது. குழந்தையை வாரிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலமே குழந்தைக்கு ஜுரம். நான்கு நாள் அவள் கதவு திறக்கவில்லை.

"ஊர் பேர் தெரியாத இடத்துல ஒனக்கு ஏன்டி இந்த வேலை?" என்றார் என் கணவர். என் மடி வெறுமையாக இருந்தது.

ஐந்தாம் நாள் வந்தவள், முதலில் கதவைச் சாத்தினாள்.

"தீதி, ஜுரம்னு கேட்டு வந்திருந்த என் மாமியார் இன்னிக்குத்தான் ஊருக்குப் போனாங்க. நீ சுத்தினதை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."

"ஏன்?"

"வெள்ளைக்காரன் காலத்துல எங்க கொள்ளுப்பாட்டி அடுத்த வீட்டுப் புள்ளைக்கு வேர் அரைச்சுக் குடுத்தா. புள்ள செத்துப்போச்சு. மந்திரவாதி சால் மரத்து இலையில எண்ணெய் தடவிப் பாத்து, இவ முகந்தான் தெரியுது, இவ சூனியக்காரின்னு சொன்னான். ஊரே சேர்ந்து துரத்திடுச்சு." குழந்தையை என் மடியில் போட்டாள். "நான் இங்க வந்துபோயிட்டு இருந்தா, ஜுரத்துக்கு உன் பேரைச் சொல்லியிருப்பாங்க. இனிமே முணுமுணுக்காதே. மிளகா கமறலன்னு சிரிக்கவும் சிரிக்காதே, தாயே."

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். "அம்மா, புள்ள சரியாவே சாப்பிட மாட்டேங்குது. அங்கேருந்தே சுத்திப் போடேன்."

கதவைச் சாத்தினேன். உப்பு, கடுகு, மிளகாயைக் கைக்குள் மூடி, உதடு அசையாமல் போனில் தெரிந்த பேரனுக்கு மூன்று சுற்றுச் சுற்றினேன். கையைப் பிரிக்காமல் மடியில் கிடந்த ஃபுல்மணியின் குழந்தைக்கும் சுற்றினேன். அடுப்பில் போட்டேன். கமறவில்லை. யாருக்கு இருந்த கண் என்று தெரியவில்லை.