கொட்டிய நெல்லிச்சாறு

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் வாயாடி என்பதும் தெரியும். போன வருடம் அந்த வாய் அடைத்துப்போயிருந்தது.

என் தம்பி சாமுவேலின் கல்லீரல் கெட்டுவிட்டது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, சோரியாங்குப்பத்து வீட்டில் சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பான். யாராவது ஈரலில் ஒரு பகுதியைத் தந்தால்தான் பிழைப்பான் என்றார்கள். குடும்பத்தில் என் ரத்தம் மட்டுமே பொருந்தியது. சந்தோஷமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"உங்க ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. கொலஸ்ட்ராலும் அதிகம். அது குறையாம ஈரல எடுக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

கொடுக்க மனமிருந்தும் என் உடம்பே என்னைப் பூட்டிவிட்டது. தம்பி முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

எங்கள் சபை ஸ்டெல்லா அக்கா, கொழுப்பைக் கரைக்கும் என்று நெல்லிச்சாறு பாட்டில் வாங்கி வந்தார். ஜெபக்கூட்டத்தில் அதை நடுவில் வைத்து, எல்லோரும் கைநீட்டிக் கண்ணீரோடு ஜெபித்தோம். காலையும் மாலையும் குடித்தேன். தேனாய் இனித்தது. அடுத்த பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருந்தது!

டாக்டரம்மா பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். "நெல்லிக்காயவிட சர்க்கரைதாம்மா ஜாஸ்தி. நிறுத்துங்க."

நிறுத்தத் துணிவில்லை. குடித்தால் தம்பி போய்விடுவான். ஜெபித்த பாட்டிலை ஒதுக்கினால் விசுவாசம் போய்விடுமே! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, நீரே வழி சொல்லும்" என்று கதறினேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா அக்கா வந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடுப்பில் கைவைத்தார்.

"இன்னாடி இது? சாமுவேலுக்காக ஜெபம் பண்ணமா, பாட்டிலுக்காக ஜெபம் பண்ணமா? எட்துனு வாடி!"

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, அவரே தென்னைமரத்தடியில் கொட்டினார். நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது.

பிறகு டாக்டரம்மா சொன்னபடி சோற்றைக் குறைத்தேன். டீக்குச் சர்க்கரை நின்றது. நானும் ஸ்டெல்லா அக்காவும் பாகூர் ஏரிக்கரையில் நடந்தோம். அக்கா மூச்சு வாங்கியபடியே துதிப்பாட்டுப் பாடுவார். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, நெல்லிக்காயை வெறுமனே கடித்தேன். புளிப்பில் கண் தானாக மூடும்; அப்போது தம்பிக்காக ஒரு வார்த்தை ஜெபிப்பேன்.

கொழுப்பு இறங்கியது. நெல்லியா, நடையா என்றால் எனக்குத் தெரியாது. வழி காட்டியவரைத் தெரியும், அவருக்கே ஸ்தோத்திரம்.

என் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துத் தம்பிக்கு வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து தேறிய தம்பி முதலில் கேட்டது, "அக்கா, வூட்டுக்கு எப்பப் போலாம்? பசிக்குது." இன்று வேலைக்குப் போகிறான்.

அன்பானவர்களே, அடைபட்டுக் கிடக்கிறீர்களா? ஜெபியுங்கள். டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். வானத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்காமல் வாசலையும் பாருங்கள். எனக்கு வந்த பதில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு அங்கேதான் நின்றது.